கும்பகோணத்துப் படங்களுக்கு ஸ்டாக் தளமா, நேரடி விற்பனையா?

கேள்வி – குடந்தை நிழல்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். விடுமுறை நாள்களில் கேமராவுடன் சுற்றி வருவது பல ஆண்டுப் பழக்கம். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகள், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வேலை, சம்பா நடவு, தாராசுரம் கோயில், மாசி மகத்தன்று மகாமகக் குளத்தில் நீராடும் கூட்டம் எனப் படங்கள் ஏராளமாகச் சேர்ந்திருக்கின்றன. கேமரா 24 மெகாபிக்சல். பெரும்பாலானவற்றின் ரா கோப்புகளும் (கேமராவின் மூலப் பதிவுகள்) கைவசம் உள்ளன.

இந்தப் படங்கள் ஓரளவாவது பணம் ஈட்டித் தர வேண்டும் என்று விரும்புகிறேன். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கும் எண்ணம் இல்லை; ஆனால் அடுத்த லென்ஸை இந்தப் படங்களே வாங்கித் தந்தால் மனநிறைவாக இருக்கும். படங்களின் பயன்பாட்டு உரிமத்தை இணையத்தில் விற்றுத் தரும் ஸ்டாக் தளங்களில் ஏற்றினால் உண்மையில் என்ன கிடைக்கும்? அடையாளம் தெரியும் முகங்கள் உள்ள படங்களையும் கோயில் படங்களையும் விற்கலாமா? உள்ளூரிலேயே வாங்குவோர் இருக்கிறார்களா? இந்தத் துறையில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி 1 – வைகை ஒளி

ஐயா, முதலில் தொகையைப் பற்றித் தெளிவாகப் பேசிவிடுவோம், ஏனென்றால் பலர் பெரும் எதிர்பார்ப்போடு நுழைந்து சில மாதங்களில் சோர்ந்து விலகுவது இந்த இடத்தில்தான்.

ஐஸ்டாக்ஃபோட்டோ 2000இலும் ஷட்டர்ஸ்டாக் 2003இலும் தொடங்கின. அதற்கு முன்பு ஒரு படத்தின் பயன்பாட்டு உரிமம் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்பது சாதாரணம். சந்தா முறை பரவியபின், மாதம் ஒரு தொகை கட்டியவர் வேண்டிய படங்களை இறக்கிக்கொள்ளலாம் என்றாகி, படம் எடுத்தவரின் பங்கு சென்ட் கணக்குக்கு இறங்கிவிட்டது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் முதல் படங்களுக்கு 15 முதல் 40 விழுக்காடு வரை ஆறு படிநிலைகளில் பங்கு கொடுக்கிறது. எத்தனை படங்கள் விற்றன என்பதைப் பொறுத்துப் படி உயரும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று எல்லோரும் மீண்டும் முதல் படிக்கே இறக்கப்படுவார்கள். ஒரு பதிவிறக்கத்துக்கு 10 சென்ட் மட்டும் கிடைப்பது அங்கே அன்றாட நிகழ்ச்சி. அடோபி ஸ்டாக் படங்களுக்கு 33 விழுக்காடும் காணொளிகளுக்கு 35 விழுக்காடும் தருகிறது. 25 டாலர் சேர்ந்தால்தான் அங்கே பணத்தை எடுக்க முடியும். சந்தா விற்பனையில் 33 சென்ட் வீதம் வந்தால் அதற்கு 76 பதிவிறக்கங்கள் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸ் வாங்கும் தொகை இந்த வழியில் சேராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குச் சில நூறு நல்ல படங்களும் சில ஆண்டுப் பொறுமையும் வேண்டும்.

உங்களிடம் இருக்கும் பட்டியலைப் பார்த்தபோது உண்மையாகவே மகிழ்ச்சி அடைந்தேன். சூரிய அஸ்தமனம், பூ, பனித்துளி போன்ற எங்கேயும் எடுக்கக்கூடிய படங்களுக்கான தேவையை, முதலில் இலவசப் படத் தளங்களும் இப்போது செயற்கை நுண்ணறிவும் வெகுவாகக் குறைத்துவிட்டன. அடோபி தனது ஃபயர்ஃபிளை கருவியை 2023இல் வெளியிட்டபோது, அதைப் பயிற்றுவிக்க அடோபி ஸ்டாக்கில் இருந்த படங்களையும் பயன்படுத்தியது. படம் கொடுத்தவர்களுக்கு அதற்கென ஒரு தொகையும் வழங்கியது. அப்படிப்பட்ட கருவியிடம் காலைப் பனியைக் கேட்டால் வரைந்து கொடுத்துவிடும். சுவாமிமலைப் பட்டறையில் மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசும் முதல் பூச்சையும், அது காய்ந்தபின் மெழுகை உருக்கி வடிக்கும் துளையையும், அதே துளை வழியாகக் காய்ச்சிய உலோகம் இறங்கும் நொடியையும் வரிசை தவறாமல் காட்டும் படத்தொகுதியை அதனால் தர முடியாது. பாடநூல் வெளியீட்டாளருக்கும் அருங்காட்சியகத்துக்கும் பயண இதழுக்கும் தேவைப்படுவது மெய்யான ஆவணம். அதைத் தொகுதியாகவே ஏற்றுங்கள்.

படத்தைத் தேடிக் கண்டெடுக்க உதவும் குறிச்சொற்களில் மிகுந்த கவனம் தேவை. வாங்குபவர் தேடுவது ஆங்கிலத்தில். ‘அழகு’, ‘பண்பாடு’, ‘இந்தியா’ என்று பொதுவான சொற்களை அடுக்கினால் உங்கள் படம் லட்சக்கணக்கான படங்களுக்கு அடியில் புதைந்துபோகும். ‘லாஸ்ட் வாக்ஸ் காஸ்டிங்’ (மெழுகு வார்ப்பு), ‘பிரோன்ஸ்’ (வெண்கலம்), ‘மோல்டன் மெட்டல்’ (உருகிய உலோகம்), ‘சுவாமிமலை’, ‘ஆர்டிசான்’ (கைவினைஞர்) போன்றவை முன்னால் நிற்கட்டும். அடோபி 49 குறிச்சொற்கள் வரை ஏற்கிறது. ஆனால் முதல் பத்துக்கே அங்கே மதிப்பு அதிகம். படத்தில் இல்லாத எதையும் குறிச்சொல்லாகச் சேர்க்காதீர்கள். இன்னொன்று: வடிவமைப்பாளர் எழுத்து வைக்க ஒரு பக்கம் காலியிடம் விட்டும் அதே காட்சியை எடுத்துவையுங்கள். ஒரே காட்சியின் கிடைமட்டப் படமும் செங்குத்துப் படமும் தனித்தனியே விற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

‘இங்கே மட்டுமே விற்பேன்’ என்ற உறுதியை எந்தத் தளத்துக்கும் கொடுக்காமல், அடோபியிலும் ஆலமி என்ற தளத்திலும் தொடங்குவதே என் பரிந்துரை. ஆலமியில் விற்பனை அரிதாகவே நடக்கும். ஆனால் ஊர், விழா, தொழில் சார்ந்த படங்களைத் தேடி வரும் பதிப்பகங்களும் செய்தித்தாள்களும் அங்கே அதிகம் என்பதால், நடக்கும் ஒரு விற்பனை மற்ற தளங்களின் பல பதிவிறக்கங்களுக்கு ஈடாக இருக்கும்.

மறுமொழி 2 – கோரைப்பாய் (திருநெல்வேலி)

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். முகங்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதில் சட்டத்தோடு மனிதர்களின் மானமும் கலந்திருக்கிறது.

ஸ்டாக் தளங்களில் படங்கள் இரண்டு வழிகளில் விற்கப்படுகின்றன. விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது ஒன்று; செய்தி, கட்டுரை, பாடநூல் போன்றவற்றுக்கு மட்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதை எடிட்டோரியல் என்பார்கள். அடையாளம் தெரியும் ஒருவர் படத்தில் இருந்தால், முதல் வகைக்கு அவர் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் படிவம் (படத்தில் இருப்பவரின் ஒப்புதல்) கட்டாயம். பெயர், முகவரி, பிறந்த தேதி, படம் எடுத்த நாள், உங்கள் கையெழுத்து, சாட்சியின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும்; 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். மகாமகக் குளத்துக் கூட்டம் போன்றவற்றுக்குப் படிவம் வாங்க வழியே இல்லை. ஆகவே அவை எடிட்டோரியல்தான். அத்தகைய படத்தில் வெட்டுவதும் வெளிச்சத்தைச் சரிசெய்வதும் தவிர எதையும் நீக்கவோ சேர்க்கவோ கூடாது. குறிப்பும் ‘கும்பகோணம், தமிழ்நாடு, இந்தியா’ என்று இடத்தில் தொடங்கி, நாளைச் சொல்லி, அதன்பின் நடந்ததை நடந்தவாறு விவரிக்க வேண்டும். அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. குளத்தையும் சுற்றியுள்ள மண்டபங்களையும் கூட்டம் இல்லாத நாள்களில் இப்போதே எடுத்து வைத்தால், அந்த ஆண்டில் கட்டுரை வெளியிடும் இதழ்களுக்குப் பயன்படும்.

இனி நான் முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். நடவு வயலில் குனிந்து நிற்கும் ஒரு பெண்மணியிடம் படிவத்தை நீட்டினால், படித்த ஆசிரியர் கேட்கிறாரே என்று அவர் கையெழுத்துப் போட்டுவிடக்கூடும். ஆனால் வணிக உரிமத்தில் விற்ற அந்தப் படம் நாளை ஒரு கடன் நிறுவனத்தின் விளம்பரத்திலோ மூட்டுவலித் தைலத்தின் அட்டையிலோ வரலாம். எங்கே வருகிறது என்பது உங்களுக்கே தெரியாது. தெரிந்தாலும் திரும்பப் பெற முடியாது. இதை அவருக்கு விளங்கும் தமிழில் முழுவதும் சொல்லி, வேண்டாம் என்று மறுக்கும் வாய்ப்பையும் கொடுத்து, வேலை கெட்ட நேரத்துக்கு உரிய தொகையையும் கையில் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவ்வளவுக்கு இயலாத இடத்தில் முகத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் படமெடுங்கள். பத்தமடையில் பாய் நெய்வோரை நான் அப்படித்தான் எடுக்கிறேன்: பாவு நூலுக்கு ஊடே நுழையும் ஈரக் கோரையும், அதை நெருக்கித் தள்ளும் விரல்களில் ஏறியிருக்கும் சாயமும் தெரிந்தால், யார் என்று தெரியாமலேயே அந்தத் தொழில் முழுவதும் படத்துக்குள் வந்துவிடுகிறது. அதற்குப் படிவமும் தேவைப்படாது.

பள்ளி மாணவர்களின் படங்களை எக்காரணம் கொண்டும் ஏற்றாதீர்கள். ஆசிரியர் கேட்டு மறுக்கும் நிலையில் பெற்றோர் இருப்பதில்லை.

கோயில்களைப் பற்றி: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டடங்களையும் பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிற்பங்களையும் படமெடுத்து வெளியிடுவதைப் பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது. ஆனால் சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே சென்னை கண்ணகி நகர்க் குடியிருப்புகளில் உள்ளவை போன்ற இக்காலச் சுவரோவியங்களை வணிகப் படமாக விற்கக் கூடாது. தாராசுரம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அங்கே முக்காலி வைத்து எடுக்க முன் அனுமதி வேண்டும். அறநிலையத் துறைக் கோயில்களில் கைப்பேசிகளுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டதையும் நினைவில் வையுங்கள். சந்நிதியைப் படமெடுக்க முயலவே வேண்டாம். கோபுரமும் பிராகாரத் தூண்களும் தெருவில் வரும் தேரும் போதும்.

குடந்தை நிழல்

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. முகம் பற்றிய அறிவுரையை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். இதைத் தொடர்ந்து இரண்டு ஐயங்கள். வெளிநாட்டுத் தளங்களில் இருந்து வரும் பணத்துக்கு வரி எப்படி? அடுத்து, எங்கள் ஊரில் புதுப்பிக்கப்படும் ஒரு விடுதியின் உரிமையாளர், வரவேற்பறைச் சுவரில் மாட்ட என் தாராசுரம் படம் ஒன்றையும், அடுத்த ஆண்டு நாள்காட்டிக்கு மேலும் சில படங்களையும் கேட்கிறார். ‘கோப்பை அனுப்பிவிடுங்கள், ஒரு தொகை தருகிறேன்’ என்கிறார். எழுத்தில் என்ன வாங்கிக்கொள்வது?

மறுமொழி 3 – தணிக்கை மேசை

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தளங்களில் கணக்குத் தொடங்கியதும், நீங்கள் அமெரிக்கர் அல்லர் என்று வரித்துறைக்கு அறிவிக்கும் டபிள்யூ-8 பென் படிவத்தை நிரப்புங்கள். வரி எண் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண்ணைத் தர வேண்டும். இந்திய–அமெரிக்க இரட்டை வரி விலக்கு ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவைக் குறிப்பிட்டால், ராயல்டியில் 15 விழுக்காடு மட்டும் பிடிப்பார்கள். படிவத்தை நிரப்பாமல் விட்டால் 30 விழுக்காடு போகும். அமெரிக்காவில் இருப்பவர் வாங்கிய படங்களுக்கான தொகையில் மட்டுமே இந்தப் பிடித்தம்.

அங்கே பிடித்ததுபோக வந்ததை அல்ல, முழுத் தொகையையும் இங்கே வருமானமாகக் காட்ட வேண்டும். பிடித்த வரிக்கு இங்கே கழிவு பெற, கணக்குத் தாக்கலோடு அதற்குரிய படிவத்தையும் தனியே சமர்ப்பிக்க வேண்டும். 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் அது படிவம் 67. சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐ.டி.ஆர்.-1, வெளிநாட்டு வருமானம் உள்ளவருக்குப் பொருந்தாது. பலர் இதைக் கவனிப்பதில்லை. பேபால் வழியாக வரும் பணம் இந்தியாவில் அந்தக் கணக்கிலேயே தங்காது, தானாக வங்கிக்கு வந்துவிடும். அந்த வரவுச் சான்றுகளை ஆண்டுவாரியாகச் சேமித்து வைத்தால், உங்கள் ஆடிட்டருக்கு வேலை எளிதாக இருக்கும்.

மறுமொழி 4 – அச்சுமை (சிவகாசி)

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அச்சகத்தில் படங்களைக் கையாளும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், உங்கள் விடுதிக்காரரின் கோரிக்கையைப் பற்றி எழுதுகிறேன். என் பார்வையில், உங்கள் லென்ஸுக்கான பணம் இங்கேதான் இருக்கிறது.

அவர் கேட்பது இரண்டு தனித்தனிப் பொருள்கள். சுவரில் மாட்டுவதற்கு அவருக்குக் கோப்பு தேவையில்லை. அச்சிட்டுச் சட்டமிட்ட படம்தான் தேவை. அதை நீங்களே அச்சிட்டுக் கொடுங்கள். உங்கள் கேமராவின் கோப்பு 6000க்கு 4000 பிக்சல் என்றால், அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 20 அங்குல அகலம் வரை கைக்கருகில் வைத்துப் பார்க்கும் தரத்தில் அச்சாகும். ஐந்தடி அகலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் மிஞ்சும். வரவேற்பறைச் சுவரைச் சில அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அதுவும் போதும். தாராசுரத்தின் கல் குதிரையும் தேர்ச் சக்கரமும் உள்ள படம் என்றால், பளபளக்கும் தாளைத் தவிர்த்து, பருத்தி இழைத் தாளில் பிக்மென்ட் மையால் அச்சிடச் சொல்லுங்கள். விளக்கொளி பட்டுத் தெறிக்காமல் கல்லின் சொரசொரப்பு தெரியும். நிறமும் நெடுங்காலம் மங்காது. படத்தின் கீழ் ஓரத்தில் உங்கள் கையெழுத்தும் அச்சு எண்ணும் இருக்கட்டும்.

நாள்காட்டிக்குத் தருவது பயன்பாட்டு உரிமம். அதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: எந்தப் படம், எந்த ஆண்டு நாள்காட்டி, எத்தனை பிரதிகள், எந்தப் பகுதியில் வழங்கப்படும், உங்கள் பெயர் எங்கே அச்சாகும், தொகை எப்போது தரப்படும் என்பவை அதில் இருந்தால் போதும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எழுத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், பகுதியைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். ஓர் ஆண்டு நாள்காட்டிக்கு என்று நினைத்துக் கொடுத்த படம், அந்த ஒரு வரி இல்லாததால், அறை அட்டைகளிலும் விளம்பரப் பலகைகளிலும் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். எங்கள் அச்சகத்துக்கு வரும் கோப்புகளில், எடுத்தவர் யார் என்றே தெரியாமல் கைமாறி வந்தவை எத்தனையோ. பெயர் போட மனமிருந்தும் போட முடியாமல் அச்சேற்றுவது எங்களுக்கும் வருத்தமே.

இதோடு 17ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். நீங்களாக எடுத்த படத்துக்கு உரிமையாளர் நீங்கள். ஆனால் அதே விடுதிக்காரர் பணம் கொடுத்து, ‘என் விடுதியை எடுத்துத் தாருங்கள்’ என்று கேட்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவரே முதல் உரிமையாளர் ஆகிவிடுவார். திருமணப் படங்களுக்கும் இதே நிலைதான். அப்படிப்பட்ட வேலையை ஏற்கும்போது, உரிமை உங்களிடமே இருக்கும், அவருக்குப் பயன்படுத்தும் அனுமதி உண்டு என்று முன்பணம் வாங்கும் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ரா கோப்பை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள்; அச்சுக்கு உரிய அளவில் ஜேபெக் கோப்பு போதும்.

நாள்காட்டித் தொழிலின் பருவத்தையும் அறிந்துகொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை இங்கே ஆடிப்பெருக்கு நாளில் வெளியிடுவது வழக்கம். அதன்பிறகு ஆர்டர் எடுக்கும் வேலை மும்முரமாகிவிடும். ஆகவே புதிய படங்களைக் காட்ட விரும்புபவர் சித்திரை, வைகாசியிலேயே வந்துவிட வேண்டும். தீபாவளி முடிந்து வந்தால் யாருக்கும் பார்க்க நேரம் இருக்காது. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படங்கள் ஒரே பொருளில் அமைந்தால் நிறுவனங்களுக்குப் பிடிக்கும்: மார்கழிக் கோலம், தைக்கு அறுவடை, மாசிக்கு மகாமகக் குளம், ஆடிக்குக் காவிரி, ஐப்பசிக்குச் சம்பாப் பயிர் என்று உங்கள் மாவட்டமே அதை வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். நகைக்கடை, விதை விற்பனையாளர், கூட்டுறவுச் சங்கம் என்று உங்கள் ஊரிலேயே கேட்டுப் பாருங்கள். தங்கள் மண்ணின் படம் என்றால் தனி மகிழ்ச்சியோடு வாங்குவார்கள்.

வைகை ஒளி அவர்கள் சொன்னதோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நாள்காட்டி வெளியிடும் நிறுவனம் ‘இந்தப் படம் வேறு எங்கும் வரக் கூடாது’ என்று கேட்டு, அதற்காகவே கூடுதல் தொகை தரும். ஸ்டாக் தளத்தில் ஒருமுறை ராயல்டி ஃப்ரீ உரிமத்தில் (ஒரு தடவை பணம் கட்டியவர் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்) விற்ற படத்துக்கு அந்த உறுதியை உங்களால் தர முடியாது. தளத்திலிருந்து நீக்கினாலும் ஏற்கெனவே வாங்கியவரின் உரிமம் செல்லும். எனவே ஏற்றுவதற்கு முன்பே மிகச் சிறந்தவை என்று நீங்கள் கருதும் படங்களைத் தனிக் கோப்புறையில் பிரித்துவிடுங்கள். ஸ்டாக்குக்கு அதே மண்டபத்தின் வேறு கோணங்களும் பட்டறைத் தொகுதிகளும் போகட்டும். விடுதிக்காரருக்கு அந்தத் தனிக் கோப்புறையிலிருந்து நான்கைந்து படங்களைச் சிறிய அளவில், பெயர் பதித்து அனுப்புங்கள்; கடிதத்தில் கையெழுத்தான பிறகு அச்சுக்கோப்பை அனுப்பினால் போதும்.